கொடி இறங்கும் தேதி

ஆயுத பூஜைக்குத் தொடர்ந்து நான்கு நாள் லீவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏறி ஏதாவது ஒரு தீவுக்குப் போய், மணலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. என்னவெல்லாம் பார்ப்பீர்கள்? டிக்கெட் விலை. பிள்ளைகளின் பரீட்சை. ஆபீஸில் லீவு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ராகுகாலம், சூலம்.

காற்று? அதை யார் பார்க்கிறார்கள்!

ஆனால், நம்முடைய கிழக்குக் கடற்கரையில் கப்பல் ஏறுவதற்கென்றே ஒரு காலத்தில் தனிப் பஞ்சாங்கம் இருந்தது. ரொம்பச் சின்னப் பஞ்சாங்கம். மொத்தமே இரண்டு தேதிகள்தான். அக்டோபர் 15, டிசம்பர் 15. முதல் தேதியில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்திலிருந்து கொடியை இறக்கிவிடுவார்கள். இரண்டாவது தேதியில் மறுபடி ஏற்றுவார்கள். நடுவில் இருக்கும் இரண்டு மாதம் எந்தக் கப்பலும் இந்தக் கரைப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

மீறி வந்தால்? தூக்கிலா போடுவார்கள்? இல்லை. வியாபாரிக்கு அதைவிடக் கடுமையான தண்டனை. இன்ஷூரன்ஸ் செல்லாது!

ஒரிசாவின் பால்மைரா முனையில் தொடங்கி இலங்கை வரைக்கும், அந்த இரண்டு மாதத்தில் கரையோரக் கடலுக்குள் வந்த கப்பல் மூழ்கினால் சல்லிக்காசு தேறாது. பி.காம். படித்த ஆசாமிக்கு சரித்திரத்தில் இதைவிட ருசியான இடம் கிடைப்பது கஷ்டம். மாலுமிக்கு உயிர் பயம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் போட்டவனுக்குப் பண பயம் கட்டாயம் உண்டு. ஆகவே, கடலுக்கு நாள் குறித்துக் கொடுத்தது ஜோசியர் இல்லை, காப்பீடு எழுதியவர்.

சரி, அவருக்கு அந்தத் தேதி எப்படித் தெரிந்தது?

மூழ்கிப்போன கப்பல்களை எண்ணிப் பார்த்துத்தான். அந்தக் கதையைச் சொல்ல, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கும் பெருமுக்கல் மலைதான் சரியான இடம். கரடுமுரடான பாறை மலை. மேலே பழைய சிவன் கோயில், இடிந்த கோட்டைச் சுவர்கள். மலை மேல் நின்று கிழக்கே திரும்பினால், அந்தத் திசையில் கழுவெளி ஏரி, மரக்காணம் உப்பளங்கள், அதற்கும் அப்பால் வங்கக் கடல். இந்த மலையைக் கைப்பற்ற வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு செத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் ரெக்கார்டுகளில் 'பெர்மாக்காயில்' என்று ஓர் ஊர் அடிக்கடி வரும். எங்கோ ஸ்காட்லாந்துப் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம பெருமுக்கல்தான்!

அதற்கு முன்னால், காற்றைப் பற்றிக் கொஞ்சம்.

மரக்காணத்துக்குக் கப்பல் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில் அல்ல. நல்லியக்கோடனைப் பாடுகிற சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றொரு துறைமுகம் வருகிறது. அது இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல் கையேடு 'சோபட்மா' என்று சொல்வதும் இதைத்தான் என்கிறார்கள். அந்தக் கையேட்டின் விசேஷம், ஊர்ப் பெயர்களோடு மாதத்தையும் சொல்லிவிடுகிறது. இந்தியாவுக்கு வரவேண்டுமானால் எகிப்திலிருந்து ஜூலையில் கிளம்பு என்கிறது. ஏன் ஜூலை? தென்மேற்குப் பருவக்காற்று பாயைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்று அரபிக் கடலில் ஆடுகிற ஆட்டத்தில் மேற்குக் கரை திணறும். நமக்கு நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. காற்றும் நம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் சென்னை, புதுச்சேரிப் பக்கம் கப்பலுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அக்டோபர் நடுவில் எல்லாம் தலைகீழ். காற்று வடகிழக்கிலிருந்து திரும்பிக்கொள்கிறது. அதாவது, கடலிலிருந்து கரையை நோக்கி. கூடவே வங்கக் கடலில் புயல்கள் உருவாகிற பருவமும் அதுதான்.

இதில் இன்னொரு சிக்கல். அந்தக் காலத்துச் சென்னையிலோ புதுச்சேரியிலோ துறைமுகம் என்று எதுவும் கிடையாது. திறந்த கடல். கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றி வரும். காற்று கரையை நோக்கி அடித்தால், பாய்மரக் கப்பலுக்கு ஒதுங்க இடமே இல்லை. நங்கூரம் அறுந்தால் நேரே கரை. முன்கூட்டியே ஆழ்கடலுக்கு ஓடிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை முடிந்தது.

இப்போது 1746-க்கு வாருங்கள்.

செப்டம்பர் 21-ம் தேதி பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்துவிட்டார். ஆசாமிக்குக் கடல் அத்துப்படி. பதினோரு லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திரும்ப இங்கிலீஷ்காரர்களிடமே கொடுத்துவிட்டு, அக்டோபர் நடுவுக்குள் கப்பல்களோடு நடையைக் கட்டிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. புதுச்சேரி கவர்னர் தூப்ளேவுக்கோ சென்னையைத் திருப்பிக் கொடுக்க மனசே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து. ஆட்சேபம். சமாதானம். மறுபடி ஆட்சேபம். ஊரை யார் வைத்துக்கொள்வது என்று இவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, காலண்டர் தன்பாட்டுக்கு நகர்ந்தது.

அக்டோபர் 13 இரவு புயல் வந்தது. விடிந்து பார்த்தால், சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பல்களில் சில கடலுக்குள் போய்விட்டன. மிச்சமிருந்தவற்றில் பலவற்றுக்குப் பாய்மரமே இல்லை. செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். (இங்கிலீஷ் குறிப்புகளில் இதே புயல் அக்டோபர் 2 என்று இருக்கும். குழம்ப வேண்டாம். அவர்கள் அப்போது பழைய காலண்டர் வைத்திருந்தார்கள். பதினோரு நாள் வித்தியாசம்.) இத்தனைக்கும் காரணமான கடிதங்களை எழுதிய இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். லா பூர்தொனே ஊர் திரும்பி பாஸ்தீல் சிறையில் அடைபட்டார். தூப்ளே புதுச்சேரியில் கவர்னராகத் தொடர்ந்தார். செத்தது கப்பலில் இருந்தவன்.

இதற்குப் பிறகு இரண்டு தரப்புக்கும் காலண்டர் ஓர் ஆயுதமாகவே ஆகிவிட்டது.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்ட மாதத்தைக் கவனியுங்கள். டிசம்பர். ஏன்? இங்கிலீஷ் கடற்படைத் தளபதி போக்காக் அக்டோபரிலேயே கப்பல்களைப் பம்பாய்க்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒதுங்க நல்ல துறைமுகம் உண்டு. வடகிழக்குப் பருவத்தின் உபத்திரவமும் கிடையாது. கடல் காலி. அதற்குள் சென்னையை முடித்துவிடலாம் என்பது லாலியின் திட்டம். பிரமாதமான திட்டம்தான். ஆனால், 1759 பிப்ரவரி 16-ம் தேதி இங்கிலீஷ் கப்பல்கள் தொடுவானத்தில் தெரிந்தன. மறுநாளே லாலி மூட்டை கட்டிவிட்டார்.

லாலிக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேவோ இன்னும் ஒரு படி மேலே. 1758 செப்டம்பர் தொடக்கத்திலேயே மொரீஷியசுக்குக் கிளம்பிவிட்டார். லாலி எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் நிற்கவில்லை. அடுத்த வருஷமும் வந்தார், அக்டோபர் தொடக்கத்தில் போனார். அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு அவர் திரும்பவே இல்லை. தேதி தாண்டி நின்றால் புயல் கொல்லும் என்பது உண்மை. தேதியைக் காரணம் காட்டி முன்கூட்டியே நழுவினால், கரையில் விட்டுவிட்டுப் போனவர்களைப் பட்டினி கொல்லும் என்பதும் உண்மை.

அதுதான் நடந்தது. 1760 ஜனவரி 22, வந்தவாசிப் போர். லாலி தோற்றார். ஜெயித்த அயர் கூட், புதுச்சேரியைச் சுற்றியிருந்த பிரெஞ்சுக் கோட்டைகளை வரிசையாகப் பறித்துக்கொண்டே வந்தார். திண்டிவனம் போயிற்று. பெருமுக்கல் போயிற்று. மரக்காணத்துக்கு வடக்கே கடலோரம் நின்ற ஆலம்பரைக் கோட்டையும் போயிற்று. நிலத்தில் பெருமுக்கல், கடலில் இங்கிலீஷ் கப்பல்கள். புதுச்சேரிக்கு அரிசி வருகிற வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

இங்கிலீஷ் கடற்படைத் தளபதி ஸ்டீவன்ஸ், அக்டோபர் பிறந்து முற்றியதும் சில கப்பல்களை மட்டும் காவலுக்கு விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் போனார். டிசம்பர் கடைசி வாரத்தில் திரும்பினார். பஞ்சாங்கப்படி எல்லாம் சரி. டிசம்பர் 15 தாண்டியாயிற்று. இனி என்ன பயம்?

1761 ஜனவரி 1. புத்தாண்டு தினத்தில் புதுச்சேரிக்கு எதிரே அடித்த புயலில் மூன்று பெரிய கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. இன்னும் மூன்று கரையில் மோதி உடைந்தன. ஆயிரம் பேருக்கு மேல் பலி. கோட்டைக்குள் பட்டினி கிடந்த லாலிக்குக் கடவுளே கண் திறந்த மாதிரி இருந்திருக்கும். உடனே எப்படியாவது அரிசி அனுப்புங்கள் என்று ஆளை விரட்டினார். ஆனால், தப்பித்த கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்டீவன்ஸ் ஒரு வாரத்துக்குள் மறுபடி வாசலை மறித்துவிட்டார். ஜனவரி 16-ம் தேதி புதுச்சேரி விழுந்தது. 1736-லிருந்து அந்த ஊரின் நல்லது கெட்டதையெல்லாம் டைரியில் எழுதி வைத்துக்கொண்டு வந்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதத்தில்தான்.

இருபது வருஷம் கழித்து மறுபடி அதே ஊர்கள், அதே மாதங்கள். 1782 மே மாதம் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து பெருமுக்கல்லைப் பிடித்தார்கள். சென்னையில் கொடும் பஞ்சம். ஹைதர் படையால் உள்நாட்டிலிருந்து தானியம் வரவில்லை. எல்லாம் கடல் வழியாக வந்தாக வேண்டும். அக்டோபர் வந்ததும் தளபதி ஹியூஸ் பம்பாய்க்குக் கிளம்ப, கவர்னர் மெக்கார்ட்னி போகாதீர்கள் என்று மன்றாடினார். ஹியூஸ் கேட்கவில்லை. அக்டோபர் 15-ம் தேதி புயல் அடித்தது. தேதியை இன்னொரு முறை பாருங்கள். அக்டோபர் 15! பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் அதே தேதியில் கடலூரிலிருந்து சுமத்ராவின் அச்சே துறைமுகத்துக்குப் பாய் விரித்தார். இரண்டு எதிரிகளுக்கும் ஒரே காலண்டர்.

போர்க்கப்பல்கள் ஆழ்கடலுக்கு ஓடித் தப்பின. சென்னைக்கு அரிசி கொண்டுவந்த நாட்டுக் கப்பல்கள் ஏராளமாகக் கரையில் மோதிச் சிதறின. பசியோடு காத்திருந்த ஜனங்களின் கண்ணெதிரே அரிசி கடலில் கரைந்தது. அந்தக் கப்பல்காரர்களுக்குத் தேதி தெரியாதா? நம்மை விட நன்றாகவே தெரிந்திருக்கும். பஞ்சத்தில் அரிசிக்குப் பருவம் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கொடியைத் திரும்பிப் பாருங்கள். வெறும் துணி இல்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் நஷ்டக் கணக்கு எழுதி, மொத்தத்தைக் கூட்டி, கடைசியில் கோடு போட்டு எழுதிய விடை.

பிறகு காலம் மாறியது. பாய்மரம் போய் நீராவி வந்தது. சென்னையில் 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில், 1881-ல் ஒரு புயல் வந்து அதை நொறுக்கிவிட்டுப் போனது. எந்த மாதம் என்று கேட்கிறீர்களா? நவம்பர். வேறென்ன! மறுபடி கட்டினார்கள். வானிலை எச்சரிக்கை, தந்தி, ரேடியோ, சாட்டிலைட் என்று ஒவ்வொன்றாக வந்தன. கொடியை எல்லோரும் மறந்தார்கள்.

காற்று மறக்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல். பல வருஷக் கனவு. 150 பேர் உட்காரக்கூடிய 'செரியபாணி' என்ற கப்பலைக் கொண்டுவந்து, பிரதமர் காணொளியில் தொடங்கிவைக்க, ஜோராக ஆரம்பமானது. எந்த நாளில் தெரியுமா? 2023 அக்டோபர் 14. கொடி இறங்கும் தேதிக்கு முதல் நாள்! அக்டோபர் 20-ம் தேதியோடு, பருவமழை காரணமாகச் சேவை நிறுத்தப்பட்டது. ஒரு வாரம்தான். பின்னர் 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பல் 2024 ஆகஸ்ட் 16-ல் தொடங்கியது. அதுவும் நவம்பரில் நின்றது. 2025 பிப்ரவரி 22-ல்தான் திரும்ப ஓடியது. லாலியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பிப்ரவரியில் கப்பல் வரும் என்று.

சொகுசுக் கப்பல்காரர்கள் மட்டும் உஷார். சென்னையிலிருந்து 'கார்டீலியா' கப்பலின் உல்லாசப் பயணம் தொடங்கியது 2022 ஜூனில். அடுத்த வருஷம் இலங்கைக்கும் காங்கேசன்துறைக்கும் போனதும் ஜூனில்தான். மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவம் கொந்தளிக்கிற மாதத்தில் கப்பலை இந்தக் கரைக்கு ஓட்டி வருகிறார்கள். நம் பக்கம் இருட்டிக்கொண்டு வரும்போது, கப்பல் மேற்கே. ஏதோ புதிய வியாபார உத்தி என்று நினைக்காதீர்கள். போக்காக் 1758-ல் செய்ததும், ஹியூஸ் 1782-ல் செய்ததும் இதையேதான்.

ஆக, தீவுக்குக் கப்பலில் போக நல்ல பருவம் எது? எந்தக் கடல் என்று முதலில் சொல்லுங்கள். லட்சத்தீவு என்றால் அக்டோபரிலிருந்து மே தொடக்கம் வரை. அங்கே கப்பல் சுற்றுலாவுக்கு விடுமுறை தென்மேற்குப் பருவத்தில். அந்தமான் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. யாழ்ப்பாணம், நெடுந்தீவு, காரைநகர்க் கடற்கரை என்றால் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை கணக்கு வைக்கலாம். ஆயுத பூஜைக்கு வங்கக் கடலில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏன் மலிவு என்று யோசியுங்கள். வாங்குவதற்கு முன்னால், புயலால் பயணம் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துவிடுங்கள். கோட்டைக் கொடியின் இன்றைய வாரிசு அந்தச் சின்ன எழுத்துதான்.

ஒரு விஷயம் பாக்கி. பஞ்சாங்கத்தை மட்டும் நம்பியும் பிரயோஜனமில்லை. டிசம்பர் 15-க்குப் பிறகு ஆபத்தில்லை என்று நினைத்த ஸ்டீவன்ஸின் கப்பல்கள் ஜனவரி 1-ல் மூழ்கின. 2011-ல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்ட தானே புயல் கரை கடந்தது டிசம்பர் 30-ல். 250 வருஷம் தாண்டி, காலண்டரில் இரண்டே நாள் வித்தியாசம். 1749-ல் இங்கிலீஷ் தளபதி பாஸ்கவெனின் 'நாமூர்' கப்பல் ஐந்நூறு பேருக்கு மேல் பலிகொடுத்து மூழ்கியதோ ஏப்ரலில். தேதி என்பது ஆபத்து அதிகமா, குறைவா என்று சொல்லும். ஆபத்தே இல்லை என்று ஒருநாளும் சொல்லாது. அதற்குத்தான் வானிலை அறிக்கை. பயணத்துக்கு முதல் நாள் அதைப் பாருங்கள். கடலுக்குப் போகாதே என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்திருந்தால், நீங்களும் போகாதீர்கள். அவருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

கப்பல் கரை மாறிக்கொள்ளும். டூரிஸ்ட் தேதியை மாற்றிக்கொள்வார். மாற்ற முடியாதவர்கள் பெருமுக்கல்லுக்குக் கிழக்கே இருக்கிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் வருஷ ஆரம்பத்தில் பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து உப்பு வாருவார்கள். வடகிழக்கு மழை வந்தால் பாத்தி குளமாகிவிடும். மூடாத உப்புக் குவியல் கரைந்து ஓடிவிடும். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பகுதியே தண்ணீரில் நின்றது. உப்புத் தொழிலாளிக்கு அந்த மாதங்களில் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. அவருக்குப் பம்பாயும் கிடையாது, திருகோணமலையும் கிடையாது.

2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக வருஷத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. உற்பத்தி இல்லாத மாதங்கள் என்று அதில் குறித்திருப்பது அக்டோபர், நவம்பர், டிசம்பர். கம்பெனிக்காரன் கொடி இறக்கிய மாதங்களேதான். அன்றைக்கு அந்தத் தேதி முதலாளியின் சரக்கைக் காப்பாற்றுவதற்காகக் குறித்தது. அதே தேதியில் உப்பு வாருகிறவரின் அடுப்பையும் கவனிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய். ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.